மூவண்ணக் கொடியும் அதன் உரைகளும்

1. முன்னுரை

நூலின் மூலம் ஒன்றாயிருக்க, அதற்கு எழுந்த உரைகள் பலவாய் வேறுபடுதலைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். தொல்காப்பியப் புறத்திணையியலில் வரும் ‘கொடிநிலை’ என்னும் சொல்லே இதற்குப் போதிய சான்றாகும். இளம்பூரணர் அதனைக் கொடியின் நிலைமை கூறுதலாகக் கொண்டார். நச்சினார்க்கினியர் கீழ்த்திசையில் தோன்றும் ஞாயிற்று மண்டிலமாகக் கொண்டார். சொல் ஒன்றே, அதன்கண் கண்ட பொருள் வேறு. ஆகவே, மூலத்தைக் கற்பவன் உரையின் வரலாற்றையும் கற்றல் வேண்டும் என்பது நம் புலமை மரபு.

இம்முறையை ஏட்டிலுள்ள நூலுக்கேயன்றி, நாட்டு வாழ்வில் நிலைபெற்ற குறியீடுகளுக்கும் பொருத்திக் காண்டல் பயனுடைத்து. இந்திய நாட்டின் மூவண்ணக் கொடி அத்தகைய குறியீடுகளுள் தலையாயது. மேலே காவி, நடுவே வெண்மை, கீழே பசுமை, வெண்மையின் நடுவே நீல ஆழி என அதன் வடிவத்தைச் சிறுவரும் அறிவர். ஆனால் அவ்வண்ணங்கள் எவற்றைக் குறிக்கின்றன என வினவின், விடை ஒன்றாக வருவதில்லை. காவி இந்துக்களையும், பசுமை இசுலாமியரையும், வெண்மை ஏனைச் சமயத்தாரையும் குறிக்கும் என்பர் சிலர். காவி துறவையும், வெண்மை வாய்மையையும், பசுமை வளத்தையும் குறிக்கும் என்பர் வேறு சிலர். இவ்விரு விடைகளுள் எது கொள்ளத்தக்கது? முன்னையது எங்கிருந்து வந்தது? அது எப்பொழுது, யாரால், எக்காரணம் பற்றி விலக்கப்பட்டது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பழந்தமிழ்க் கொடியும் நாட்டுக் கொடியும்

பழந்தமிழகத்தில் கொடி என்பது தன்னை உடையாரைக் காட்டும் அடையாளமாகவே பெரிதும் வழங்கிற்று. சேரனுக்கு வில்லும், சோழனுக்குப் புலியும், பாண்டியனுக்குக் கயலும் பொறிகளாயின. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் ஏறும், பனையும், புள்ளும், மயிலும் நான்கு தெய்வங்களின் கொடிகளுக்கு அடையாளமாக நிற்கின்றன. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வகைப்படுத்திக் கூறுகின்றார். தெய்வம் உறையும் வாயிலில் ஒரு கொடி. வாது செய்ய வல்ல ஆசிரியர் உயர்த்திய கொடி ஒன்று. துறையில் நின்ற மரக்கலங்களின் கூம்பில் அசைந்த கொடி ஒன்று. கள் விற்குமிடத்தில் கட்டிய கொடி மற்றொன்று. மதுரைக்காஞ்சியிலும் பல்வகைக் கொடிகள் பேசப்படுகின்றன.

இக்கொடிகள் அனைத்திற்கும் பொதுவான இரண்டு இயல்புகளை நாம் காணலாம். முதலாவது, அவை ஓர் அரசனையோ, ஒரு தெய்வத்தையோ, ஒரு தொழிலையோ சார்ந்தவை. நாட்டு மக்கள் அனைவர்க்கும் உரிய கொடி என்னும் கருத்து அவற்றில் இல்லை. இரண்டாவது, அவை பொருளை உணர்த்தியது பெரும்பாலும் பொறியாலும் நின்ற இடத்தாலும் ஆகும். புலியைக் கண்டவன் சோழனை நினைந்தான்; அதற்கு விளக்கம் வேண்டவில்லை.

இக்காலத்து நாட்டுக் கொடியோ இவ்விரு நிலையினும் வேறுபட்டது. அது குடிமக்கள் அனைவர்க்கும் உரியது எனப்படுகின்றது. தான் கருதிய பொருளை அது பொறியாலன்றிப் பெரிதும் வண்ணத்தாலேயே உணர்த்த முயல்கின்றது. பொறி ஒரு பொருளைச் சுட்டும். வண்ணம் தானாக எதனையும் சுட்டாது. பசுமை என்றதும் ஒருவன் பயிரை நினைவான். மற்றொருவன் ஒரு சமயத்தை நினைவான். வேறொருவன் இளமையை நினைவான். ஆதலின் வண்ணக் கொடிக்கு உரை இன்றியமையாததாகின்றது. அவ்வுரையை வகுப்பார் யார் என்பதே அரசியல் வினாவாகவும் ஆகிவிடுகின்றது. இந்தியக் கொடியின் வரலாறு அதன் உரைகளின் வரலாறே எனக் கூறுவது இதுபற்றியேயாம்.

3. தொடக்க கால முயற்சிகள்

1905-ஆம் ஆண்டு வங்காளம் பிரிக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் போது, நாட்டுக்கெனத் தனிக்கொடி வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1906 ஆகஸ்ட் 7-ஆம் நாள் கல்கத்தாவிலுள்ள பார்சி பாகான் திடலில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் மூன்று பட்டைகள் கொண்ட கொடி ஏற்றப்பட்டது. அதில் தாமரை மலர்களும், ‘வந்தே மாதரம்’ என்னும் தொடரும், ஞாயிறும் பிறையும் இடம்பெற்றன. 1907 ஆகஸ்டில் செருமனி நாட்டு ஸ்டுட்கார்ட் நகரில் கூடிய அனைத்துலகப் பொதுவுடைமையாளர் பேரவையில் பிகாஜி காமா அம்மையார் ஏறத்தாழ இத்தகையதொரு கொடியை விரித்துக் காட்டினார்.

இக்காலத்தில் பாரதியாரும் பாரத நாட்டுக் கொடியைப் புகழ்ந்து பாடியுள்ளார். அவர் காட்டும் கொடியில் ஒருபால் இந்திரனது வச்சிரமும், மற்றொருபால் இசுலாமியரது பிறையும், இடையே ‘வந்தே மாதரம்’ என்னும் தொடரும் விளங்குகின்றன. வச்சிரத்தை நாட்டுக் கொடியின் சின்னமாகக் கருதியவர் சகோதரி நிவேதிதை. அவரையே தம் குருவாகக் கொண்டு, 1908-இல் வெளியிட்ட ‘ஸ்வதேச கீதங்கள்’ என்னும் நூலைப் பாரதியார் அவர்க்குக் காணிக்கையாக்கினார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

1916-17-ஆம் ஆண்டுகளில் அன்னி பெசண்டு அம்மையாரும் திலகரும் நடத்திய தன்னாட்சி இயக்கத்தின் கொடி வேறு வகையினது. ஐந்து செம்பட்டைகளும் நான்கு பசும்பட்டைகளும் மாறி மாறி அமைய, அவற்றின்மீது எழுமீன் வடிவில் ஏழு விண்மீன்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஒரு மூலையில் பிறையும் மீனும் இருந்தன. மற்றொரு மூலையில் ஆங்கிலேயரது ஒன்றியக் கொடி இருந்தது. இவ்வியக்கத்தின் நடுவிடங்களுள் ஒன்று சென்னை அடையாறு. 1917 சூனில் அம்மையார் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டபோது தமிழகமெங்கும் எழுந்த கிளர்ச்சி வரலாறறிந்தது. ஆனால் அக்கொடி நிலைபெறவில்லை. பேரரசின் உள்ளிருந்து தன்னாட்சி கேட்பதே அவ்வியக்கத்தின் குறிக்கோள். மூலையிலிருந்த ஒன்றியக் கொடி அதனை வெளிப்படையாக உணர்த்திற்று. மக்கள் வேட்கை அவ்வெல்லையைக் கடந்தபின் அக்கொடிக்கு வாழ்வு இல்லையாயிற்று.

இம்முயற்சிகள் யாவும் பழைய முறையையும் புதிய முறையையும் கலந்தவை. தாமரை, ஞாயிறு, பிறை, வச்சிரம், எழுமீன் என்னும் பொறிகளே அவற்றில் மிகுதி. வண்ணம் பொறிகளுக்கு நிலைக்களமாக நின்றதேயன்றித் தலைமை பெறவில்லை.

4. முதல் உரை: 1921

வண்ணத்திற்குத் தலைமை தந்தது 1921-இல் எழுந்த கொடியாகும். மசூலிப்பட்டினத்தை அடுத்த பட்லபெனுமர்ரு என்னும் ஊரிற் பிறந்த பிங்கலி வெங்கையா, நாட்டுக்கு ஒரு கொடி வேண்டும் என்பதனையே வாழ்நாட் பணியாகக் கொண்டு, 1916-இல் முப்பது கொடி வடிவங்களடங்கிய சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். 1921-இல் பெசவாடாவில் அனைத்திந்தியக் காங்கிரசுக் குழு கூடியபோது, காந்தியடிகள் அவரிடம் ஒரு வடிவம் வரைந்து தருமாறு வேண்டினார். சிவப்பும் பச்சையுமான நிலைக்களத்தில் இராட்டை பொறித்த வடிவம் அது. கொடியில் இராட்டை இடம்பெறல் வேண்டும் என்னும் கருத்தைக் கூறியவர் சலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜ் ஆவார்.

வரைந்த கொடி குழுவின் பார்வைக்கு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. அக்காலத் தாழ்வும் நன்மையே என்று பின்னர்க் காந்தியடிகள் கருதினார். சிவப்பு இந்துக்களையும் பச்சை இசுலாமியரையும் குறிப்பின், ஏனைச் சமயத்தார்க்கு இடம் யாது என்னும் வினா அவ்விடைவேளையில் அவர் உள்ளத்தில் எழுந்தது. அதற்கு விடையாக வெண்மை சேர்க்கப்பட்டது. 1921 ஏப்பிரல் 13-ஆம் நாள் ‘யங் இந்தியா’ இதழில் அவர் எழுதிய கட்டுரையில் இக்கொடியின் பொருள் முறையாக விளக்கப்பட்டது. இதனையே மூவண்ணக் கொடியின் முதல் உரை எனலாம்.

அவ்வுரையில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது வண்ணங்களின் வரிசைமுறை. மேலே வெண்மை, நடுவே பச்சை, கீழே சிவப்பு என அமைந்தது அக்கொடி. எண்ணிக்கையிற் குறைந்தோர்க்கு முதலிடமும், மிக்கோர்க்கு இறுதியிடமும் தரப்பட்டன. வலியோர் மெலியோர்க்குக் காவலாய் நிற்றல் வேண்டும் என்பது கருத்து. மூன்றனையும் தழுவி இராட்டை நின்றது. எனவே, அம்முதல் உரையைக் குறுகிய நோக்குடையது என எளிதில் தள்ளிவிடுதல் முறையன்று. பிரிந்து நின்ற கூட்டத்தாரை ஒரு துணியில் ஒன்றுசேர்க்கவும், பெரும்பான்மையோர் தம் கடமையை உணரவும் எழுந்த உரை அது.

இக்கொடியைக் காங்கிரசு முறைப்படித் தீர்மானம் நிறைவேற்றி அன்று ஏற்றுக்கொள்ளவில்லை என்பதும் கருதத்தக்கது. மக்களே அதனை முதலில் ஏற்றனர். 1923 மே முதல் நாள் நாகபுரியில் கொடி அறப்போர் தொடங்கிற்று. ஆங்கிலேயர் வாழ்ந்த பகுதியில் கொடியேந்திச் செல்லலாகாது என்னும் தடையை மீறி, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த தொண்டர் ஆயிரவர்க்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர். சம்னாலால் பஜாஜ் சிறைப்பட்டபின் வல்லபாய் பட்டேல் தலைமையேற்றார். ஆகஸ்ட் 18-ஆம் நாள் தொண்டர்கள் அப்பகுதி வழியே கொடியேந்திச் சென்றதோடு போர் முடிவுற்றது. தீர்மானத்தால் நிலைபெறாத கொடி தியாகத்தால் நிலைபெற்றது.

5. முதல் உரையின் இடர்ப்பாடு

ஒவ்வொரு வண்ணமும் ஒவ்வொரு கூட்டத்தாரைக் குறிக்கும் எனக் கொண்ட அளவிலேயே, கொடி ஒரு பங்கீட்டு ஏடாக மாறிவிடுகின்றது. பங்கு பெற்றோர் தம் பங்கின் அளவையும் இடத்தையும் நோக்குவர். பெறாதோர் தமக்கும் பங்கு கேட்பர். சீக்கியர் தமக்குரிய வண்ணமும் கொடியில் இடம்பெறல் வேண்டும் என வற்புறுத்தினர். அவர்கள் கேட்டதில் தவறு காண இயலாது; உரை அவ்வாறு வகுக்கப்பட்டிருந்தமையின், அவ்வுரையின் வழியே அவர்கள் கேட்டனர். அவர்க்கு ஒரு வண்ணம் தரின் பார்சியர்க்கும் கிறித்தவர்க்கும் சமணர்க்கும் தராமைக்குக் காரணம் கூறுதல் அரிது. ‘ஏனையோர்’ என்னும் தொகுதியில் வைத்து எண்ணப்படுவதை எக்கூட்டத்தாரும் விரும்பார்.

இவ்விடர்ப்பாடு நீங்க இரண்டு வழிகளே இருந்தன. கொடியை மாற்றுவது ஒன்று. உரையை மாற்றுவது மற்றொன்று. 1931-இல் இவ்விரு வழிகளும் ஆராயப்பட்டன.

6. இரண்டாம் உரை: 1931

1931 ஏப்பிரலில் கராச்சியில் காங்கிரசுச் செயற்குழு கொடியைப் பற்றி ஆராய எழுவர் குழு ஒன்றை அமைத்தது. வல்லபாய் பட்டேல், சவகர்லால் நேரு, அபுல் கலாம் ஆசாத், மாஸ்டர் தாரா சிங், காகா காலேல்கர், ஹர்டீகர், பட்டாபி சீதாராமையா என்போர் அதன் உறுப்பினர். பட்டாபி சீதாராமையா கூட்டுநராக இருந்தார். அக்குழு மூவண்ணத்தையே கைவிட்டு, கொடி முழுதும் குங்குமப்பூ வண்ணமாகிய ஒரே நிறம் உடையதாகவும், மேற்புறத்து இடமூலையில் இராட்டை பொறித்ததாகவும் அமைய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பல வண்ணங்கள் இருப்பதனாலன்றோ பங்கீட்டு எண்ணம் எழுகின்றது. வண்ணம் ஒன்றாயின் அவ்வெண்ணத்திற்கு இடமில்லை என்பது குழுவினர் கருத்தாதல் வேண்டும். இது கொடியை மாற்றும் வழி.

அனைத்திந்தியக் காங்கிரசுக் குழு இப்பரிந்துரையை ஏற்கவில்லை. 1931 ஆகஸ்டில் பம்பாயில் கூடிய அக்குழு, மூவண்ணத்தை நிறுத்தி, உரையை மாற்றியது. சிவப்புக்கு மாறாகக் குங்குமப்பூ வண்ணம் கொள்ளப்பட்டது. அது மேலும், வெண்மை நடுவும், பசுமை கீழும் ஆயின. வெண்மையின் நடுவே நீல நிற இராட்டை அமைந்தது. வண்ணங்களுக்குச் சமயக் கூட்டத்தாரைக் குறிக்கும் பொருள் யாதும் இல்லை எனத் தீர்மானம் வெளிப்படையாகக் கூறிற்று. மேல்வண்ணம் வீரத்தையும் தியாகத்தையும், வெண்மை அமைதியையும் வாய்மையையும், பசுமை நம்பிக்கையையும் பெருந்தகைமையையும், இராட்டை பொதுமக்களின் நல்வாழ்வு பற்றிய நம்பிக்கையையும் குறிக்கும் என வகுக்கப்பட்டது.

இம்மாற்றத்தின் ஆழத்தை நாம் உணர்தல் வேண்டும். முதல் உரையில் வண்ணம் மக்களுள் ஒரு பகுதியைக் குறித்தது. இரண்டாம் உரையில் வண்ணம் ஒரு பண்பைக் குறித்தது. கூட்டத்தார் பிரிந்து நிற்பர். பண்புகள் ஒருவனிடத்தே ஒருங்கு நிற்கும். முதல் உரையின்படி ஒரு குடிமகன் கொடியில் ஒரு பட்டைக்கு உரியவன். இரண்டாம் உரையின்படி ஒவ்வொரு குடிமகனும் மூன்று பட்டைகளுக்கும் உரியவன்; வீரமும் வாய்மையும் நம்பிக்கையும் அவன்பால் எதிர்பார்க்கப்படுகின்றன. முன்னையது உரிமையைப் பங்கிட்டது. பின்னையது கடமையைப் பொதுவாக்கிற்று.

அதே வேளையில், இம்மாற்றத்தால் ஒன்று இழக்கப்பட்டது என்பதனையும் மறைத்தல் ஆகாது. மெலியோர்க்கு முதலிடம் என்னும் 1921-ஆம் ஆண்டு வரிசைமுறையின் அறம், வரிசை மாறியவுடன் மறைந்தது. சமயச் சார்பு நீங்கிய கொடியில் அவ்வறத்தைக் குறிக்க இடமில்லாது போயிற்று. எனினும், கொண்டதையும் இழந்ததையும் சீர்தூக்கின், கொண்டதே மிக்கது என்பது நம் கருத்து. பங்கீட்டின்மேல் நின்ற ஒற்றுமை பங்கு குறையுந்தோறும் குலையும். பொதுப் பண்பின்மேல் நின்ற ஒற்றுமைக்கு அவ்வச்சம் இல்லை.

இவ்வுரை எழுந்த ஏறத்தாழ ஐந்து திங்களில், 1932 சனவரி 10-ஆம் நாள், திருப்பூரில் தடையை மீறிக் கொடியேந்திச் சென்ற ஊர்வலத்தாரைக் காவலர் தடியால் தாக்கினர். மண்டையில் அடியுண்ட குமரன் மறுநாள் உயிர் நீத்தார். கையிற் பற்றிய கொடியை விடாது வீழ்ந்தமையின் ‘கொடி காத்த குமரன்’ எனத் தமிழ் மக்கள் அவரைப் போற்றுகின்றனர். வண்ணம் எக்கூட்டத்தாரைக் குறிக்கும் என்னும் வினாவுக்கு அப்பாற்பட்டது அவர் செயல். வீரமும் தியாகமும் என்று தீர்மானத்தில் எழுதப்பட்ட உரைக்குத் தமிழகம் தந்த எடுத்துக்காட்டாக அதனைக் கொள்ளலாம்.

7. மூன்றாம் உரை: 1947

விடுதலை அணித்தாயபோது, இந்திய அரசியல் நிருணய சபை 1947 சூனில் இராசேந்திர பிரசாத் தலைமையில் கொடிக்கென ஒரு குழுவை அமைத்தது. ஆசாத், சரோசினி நாயுடு, இராசகோபாலாச்சாரியார், அம்பேத்கர் முதலியோர் அதில் இடம்பெற்றனர். ஒரு கட்சியின் கொடி நாட்டின் கொடியாகுங்கால் எல்லார்க்கும் ஏற்றதாதல் வேண்டும் என்பதே அவர்கள்முன் நின்ற பொறுப்பு. 1947 சூலை 22-ஆம் நாள் நேரு கொண்டுவந்த தீர்மானத்தைச் சபை ஒருமனதாக ஏற்றது. பட்டினால் ஆகியது ஒன்றும் கதரால் ஆகியது ஒன்றுமாக இரு கொடிகளை நேரு அன்று சபையின்முன் காட்டினார்.

அத்தீர்மானத்தை ஒரு சூத்திரமாகக் கொண்டு நோக்கின், இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, அது வண்ணங்களின் பெயரையும் அளவையும் கூறுகின்றதேயன்றி, அவற்றின் பொருளைக் கூறவில்லை. மூன்று பட்டைகளும் சமமாக இருத்தல் வேண்டும். அகலமும் நீளமும் பொதுவாக இரண்டுக்கு மூன்று என்னும் அளவின ஆதல் வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகின்றது. பொருளை உரைத்தவை சபையில் நிகழ்ந்த பேச்சுகளே. வண்ணங்களைச் சமயக் கூட்டத்தாரோடு பொருத்துதல் தவறு என நேரு தெளிவுறுத்தினார். இராதாகிருட்டிணன், மேல்வண்ணம் பற்றறுத்தலையும், வெண்மை வாய்மை வழிப்பட்ட ஒளியையும், பசுமை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள தொடர்பையும், ஆழி அறத்தையும் இயக்கத்தையும் குறிக்கும் என விளக்கினார். இதுவும் பண்பைப் பொருளாகக் கொண்ட உரையே. 1931-ஆம் ஆண்டு உரையின் வழிவந்ததே.

இரண்டாவது உண்மை ஆழியைப் பற்றியது. வெண்மையின் நடுவே அமையும் நீல ஆழி சாரநாத்திலுள்ள அசோகனது தூணின் அரிமா முடியில் காணப்படும் ஆழியின் வடிவினது என்பதனை யாவரும் அறிவர். ஆனால் அத்தீர்மானம் அவ்வாழி இராட்டையைக் குறிப்பதற்காக அமைவது என்றே கூறுகின்றது என்பதனைப் பலர் கருதுவதில்லை. குறிக்கப்படும் பொருள் இராட்டை. குறிக்கும் வடிவம் அசோகனது ஆழி. இராட்டை முழு வடிவில் அமையின், கொடியின் ஒருபுறம் சக்கரமும் கதிரும் ஒரு வகையாகவும், மறுபுறம் மாறியும் தோன்றும். கொடி இருபுறமும் ஒத்துத் தோன்றல் வேண்டும் என்பதனை நேரு காரணமாகக் காட்டினார். எனவே, அன்று நிகழ்ந்தது இராட்டையை நீக்கியதன்று. இராட்டையைச் சுருக்கி அதன் சக்கரத்தை மட்டும் நிறுத்தியதாகும். எனினும் இராட்டை கொடியினின்று மறைந்ததைக் காந்தியடிகள் உவக்கவில்லை. அவர் உவவாமை பொருளற்றதன்று என்பதைப் பின்வந்த வழக்கு மெய்ப்பித்துவிட்டது. இன்று அவ்வாழியைக் காண்போருள் அசோகனை நினைவார் பலர். நூற்கும் ஏழை மகளை நினைவார் மிகச் சிலரே.

ஆழியின் 24 ஆரங்களுக்கு 24 அறங்களைப் பெயர் கூறி எண்ணும் வழக்கமும் பரவியுள்ளது. சாரநாத்து ஆழியில் 24 ஆரங்கள் உள்ளமையின் கொடியிலும் அவை அமைந்தன. அவ்வறங்களின் பட்டியல் தீர்மானத்தில் இல்லை. அது பின்வந்தோர் கண்ட நயவுரையேயாம். நயவுரையை நயவுரையாகக் கொள்வதில் குற்றமில்லை. அதனை மூலமாகக் கொள்வதே குற்றம்.

8. தமிழ்ப் பெயரீடும் ஓர் உரையே

இவ்விடத்துத் தமிழ் மாணவர் கருதத்தக்க ஒன்றுண்டு. 1947-ஆம் ஆண்டுத் தீர்மானம் மேல்வண்ணத்தைக் ‘கேசரி’ என்னும் பெயராலும் சுட்டுகின்றது. கேசரி என்பது குங்குமப்பூவின் வண்ணம். தமிழிலோ அதனைக் ‘காவி’ என வழங்குகின்றோம். காவி என்பது காவிக்கல்லால் ஊட்டிய செம்மண் நிறம், துறவியர் ஆடைக்குரியது. பூவின் நிறத்தை மண்ணின் நிறமாகப் பெயர்த்தபோதே, தமிழ் வழக்கு அவ்வண்ணத்தைத் துறவோடு பிணைத்துவிட்டது. 1931-ஆம் ஆண்டு உரை கூறிய வீரம் தமிழ்ப் பெயரில் பின்னடைந்தது; துறவு முன் நின்றது. இக்கட்டுரையிலும் வழக்கு நோக்கிக் காவி என்றே தொடக்கத்தில் எழுதினோம்.

இவ்வாறே நடுவணுள்ள உருவைச் ‘சக்கரம்’ என்றும் ‘ஆழி’ என்றும் ‘அறவாழி’ என்றும் வழங்குகின்றோம். ஆழி என்புழி அரசாணையும், அறவாழி என்புழி அறமும் முன் நிற்கின்றன. எப்பெயரிலும் இராட்டை முன் நிற்கவில்லை. பெயரிடுதலே பொருள் கூறுதலாகிவிடுகின்றது என்பதற்கு இவை சான்றுகள்.

9. துணியும் பொருளும்

கொடியின் பொருள் வண்ணத்தில் மட்டும் அடங்கியதன்று, துணியிலும் அடங்கியிருந்தது. கையால் நூற்றுக் கையால் நெய்த கதரே கொடிக்கு உரியது என்னும் விதி நெடுங்காலம் நின்றது. கொடியின் இயல்பை வரையறுக்கும் இந்தியத் தர அளவு 1951-இல் வெளிவந்தது. ஐ.எஸ். 1 என்பதே அதன் எண். நாட்டின் தர அளவுகளின் வரிசையில் முதலெண் கொடிக்கே தரப்பட்டது. ஆழியாகச் சுருங்கிய இராட்டை, துணியில் முழுமையாக வாழ்ந்தது எனலாம்.

2002 சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கொடி விதித்தொகுப்பு, குடிமக்கள் எல்லா நாளும் கொடியை உயர்த்த வழி செய்தது. அதற்கு முன்னர்ப் பொதுமக்கள் குறித்த சில நாள்களிலேயே அதனை உயர்த்தலாம் என்னும் கட்டுப்பாடு இருந்தது. 2004 சனவரியில் உச்ச நீதிமன்றம், மதிப்புடன் கொடியை உயர்த்துதல் கருத்துரிமையின்பாற்பட்ட அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. 1923-இல் நாகபுரியில் சிறை புகுந்து கேட்ட உரிமை, விடுதலை பெற்ற நாட்டில் முழுமையாகக் கிட்டுதற்கு அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று என்பது எண்ணத்தக்கது.

2021 திசம்பர் 30-ஆம் நாள் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பொறியால் நெய்த துணியும் பாலியஸ்டர் இழையும் கொடிக்கு ஏற்புடையனவாயின. கதர் விலக்கப்படவில்லை, கட்டாயமாக இருந்தது விருப்பமாயிற்று. இதனால் கொடி எளிய விலையில் இல்லந்தோறும் எட்டிற்று என்பது உண்மை. நூற்பவளுக்கும் கொடிக்கும் இருந்த நேர்த்தொடர்பு தளர்ந்தது என்பதும் உண்மை. ஆழி இராட்டையைக் குறிக்கும் என்று கூறிய தீர்மானம் மாறவில்லை. அக்கூற்றைத் தாங்கி நின்ற துணி மாறிவிட்டது. மூலம் நிற்க, அதன் பொருளுக்குச் சான்றாக நின்ற வழக்கு வீழுமாயின், உரை நாளடைவில் வெறுஞ்சொல்லாகிவிடும் என்பதனை இலக்கிய வரலாறு பயின்ற நாம் அறிவோம்.

10. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன இவை. மூவண்ணம் சமயக் கூட்டத்தாரைக் குறிக்கும் என்னும் விளக்கம் கற்பனையன்று. 1921-இல் நல்லெண்ணத்தோடு வகுக்கப்பட்ட முதல் உரை அது. ஆனால் அது 1931-இல் தீர்மானத்தால் வெளிப்படையாக விலக்கப்பட்டது. 1947-இல் மீண்டும் மறுக்கப்பட்டது. ஆதலின் இன்று அவ்வுரையைக் கூறுவோர் பிழை கூறுகின்றார் என்பதினும், கைவிடப்பட்ட பழைய உரையைக் கூறுகின்றார் என்பதே பொருந்தும்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. வகுப்பறையில் ஒரு சிறுவனை நோக்கி, ‘இவ்வண்ணம் உன்னது, அவ்வண்ணம் அவனது’ என்று ஆசிரியர் கூறுவாராயின், கொடி அவ்விருவரையும் பிரிக்கும். ‘இம்மூன்றும் உன்பால் இருத்தல் வேண்டும், அவன்பாலும் இருத்தல் வேண்டும்’ என்று கூறுவாராயின், அதே கொடி அவ்விருவரையும் ஒருங்கு நிறுத்தும். துணியும் வண்ணமும் இரண்டிடத்தும் ஒன்றே. எவ்வுரையைக் கொள்வது என்பது ஒவ்வொரு தலைமுறையும் தானே செய்துகொள்ள வேண்டிய தேர்வு.

1921 முதல் 1947 வரையில் தமிழ் இதழ்களும் பாடநூல்களும் கொடியின் வண்ணங்களுக்கு எவ்வெப் பொருள்களைக் கூறின, எந்தெந்தச் சொற்களால் கூறின என்பது தனித்து ஆராயத்தக்க பொருள். முதல் உரை எப்பொழுது எவ்வழியாகத் தமிழில் பரவியது, இரண்டாம் உரை பரவத் தவறியது ஏன் என்பன அவ்வாராய்ச்சியால் தெளிவாகும். பட்டமேற்படிப்பு மாணவர் இத்துறையிற் கருத்துச் செலுத்துவாராயின், தமிழ்ச் சொல்லாராய்ச்சிக்கும் நாட்டு வரலாற்றுக்கும் ஒருங்கே பயன் விளையும் என நம்புகின்றோம்.